கேசட் திருப்பிப் போட்ட நேரம்

என் வீட்டுக்காரர் மணிமாறனின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் கல்யாண வீடியோவில். அதுவும் முழுசாக எங்கே? இரண்டு வாக்கியம். நடுவில் ஒரு தும்மல் வந்தால் முடிந்துபோகும். அந்த இரண்டு வாக்கியம் அங்கே இருந்ததே வீடியோக்காரர் செய்த ஒரு தப்பினால்தான். அந்தத் தப்புக்காக அந்த மனுஷனைக் குடும்பமே சேர்ந்து வறுத்தெடுத்தோம்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் வீடியோ வைத்துக் கல்யாணம் செய்வதென்றால் அது தனி கெத்து. மேளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீடியோ வேண்டும் என்று என் நாத்தனார் தனம் ஒற்றைக் காலில் நின்றார். விழுப்புரத்திலிருந்து தெய்வசிகாமணி என்கிறவரை வரவழைத்தார்கள். தோளில் கேமரா, பின்னால் பாம்பு மாதிரி ஒயர், முகத்துக்கு நேரே ஒரு லைட்டு. அந்த லைட்டுச் சூட்டில் எனக்குப் போட்ட பவுடர் கழுத்து வரைக்கும் ஒழுகியது. “பொண்ணு கொஞ்சம் சிரிங்க, பொண்ணு கொஞ்சம் குனிங்க” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். புதுப்பொண்ணு ஆச்சே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ எதையாவது இப்போது போட்டுப் பாருங்கள். மனுஷக் குரல் ஒன்றுகூடக் கேட்காது. தாலி கட்டும்போது கெட்டிமேளம், அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றுக்கும் சினிமாப் பாட்டு. பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பும்போது சோகப் பாட்டு, பந்தியில் சாம்பார் ஊற்றும்போது டூயட்டு. ரோஜாப் பூ விரியும், அதற்குள்ளிருந்து நான் வருவேன். கேமரா பிடித்த சத்தத்தை அமுக்கிவிட்டு, மேலே டேப் ரெக்கார்டரிலிருந்து பாட்டை ஏற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால்தான் அது வீடியோ. பேச்சுக் குரல் கேட்டால் “இன்னாடா இது, மட்டமா எடுத்துக்கினு வந்திருக்கான்” என்பார்கள்.

எங்கள் வீடியோவிலும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் பாட்டுதான். ஒரே ஒரு இடத்தைத் தவிர. வரவேற்பு மேடையில் நானும் அவரும் நிற்கிறோம். தனத்தின் ஊரான ஒலக்கூரிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து போட்டோ எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அந்த இடத்தில் பாட்டு பட்டென்று நின்றுவிடும். மண்டபத்து இரைச்சல் கேட்கும். ஒரு குழந்தை வீறிடும். எங்கேயோ வாளி உருளும். அவர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்பார்:

“பசிக்குதா? பாக்கெட்ல லட்டு வச்சிக்கினு இருக்கேன்.”

நான் முகத்தைத் திருப்பாமல் சொல்வேன்: “பேசாதீங்க. வீடியோ எடுக்கறாங்க.”

அவர் சிரித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும்.

கேசட் வீட்டுக்கு வந்த அன்று, வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, தெருவே உட்கார்ந்து பார்த்தது. அந்த இடம் வந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். தனத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “இன்னாய்யா இது, பாட்டே இல்லாம மொட்டையா கெடக்குது? எங்க ஊருக்காரங்க வர்ற எடத்துலதான் உனக்குப் பாட்டு தீந்துபோச்சா?” என்று மறுநாளே விழுப்புரம் போய் சண்டை போட்டார். தெய்வசிகாமணி தலையைச் சொறிந்திருக்கிறார். “பாட்டு கேசட்டு ஏ சைடு முடிஞ்சிபோச்சிங்க. திருப்பி பி சைடு போடறதுக்குள்ள படம் ஓடிடிச்சி. சரி பண்ணித் தரேன்” என்றாராம். எத்தனையோ தடவை சொன்னார். சரி பண்ணித் தரவே இல்லை. அந்த மனுஷனுடைய சோம்பேறித்தனத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் மரக்காணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். “பிரம்மதேசம், முருக்கேரி, மரக்காணம்!” என்று அவர் போடுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் ஊருக்கே தெரியும். ஆனால் அந்த லட்டுக் குரல் இருக்கிறதே, அது எனக்கு மட்டும் தெரிந்தது. நாளெல்லாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டை இருக்காது. அப்படியே தணிந்து பேசுவார், என் பக்கம் குனிந்து. நானும் சும்மா இருக்க மாட்டேன், “சத்தமா சொல்லுங்களேன், ஊருக்கெல்லாம் கத்துறீங்க, எனக்கு மட்டும் குசுகுசுன்னா?” என்று எரிந்து விழுவேன். அதற்கும் சிரிப்புதான்.

அந்த நசுங்கிய லட்டைக் கல்யாணத்தன்று காரில் ஏறினதும் கொடுத்தார். பட்டுச் சட்டைப் பாக்கெட்டில் நெய் ஊறிப் பெரிய கறை. அது கடைசி வரைக்கும் போகவே இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். எங்கள் பொண்ணு சூர்யகலா அப்போது மூன்றாங்கிளாஸ். நான் திண்டிவனம் நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பகலெல்லாம் புடவை விரித்துக் காட்டுவது, மடித்து வைப்பது, மறுபடி விரிப்பது. வாய் ஓயாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் பேச ஆள் இல்லை. பிள்ளை தூங்கிவிட்டிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, அவர் போன நாளில், டெக் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து அந்த கேசட்டைப் போடுவேன். படையலுக்குப் பிறகு நானும் சூர்யாவும் மட்டும் உட்கார்ந்து பார்ப்போம். மற்ற இடமெல்லாம் ஓட்டிவிடுவேன். மேடை வந்ததும் அவள் டிவியில் காதை ஒட்டி வைத்துக்கொள்வாள். “இதாம்மா அப்பா குரலு?” என்பாள். “ஆமாண்டி.” “இன்னொருவாட்டி போடும்மா.” அவளுக்கு அப்பாவின் முகம் போட்டோவில் இருந்தது. குரல் ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது. அவளுக்கு அப்பா என்றால் அந்த இரண்டு வாக்கியம்தான்.

அப்புறம் டெக் வாடகைக்குக் கொடுக்கிற கடைகளே இல்லாமல் போய்விட்டன. கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. கடையில் கொடுத்துத் துடைத்து சிடியாக மாற்றினோம். மாற்றி முடிக்கும்போது டேப் அறுந்துபோனது. போகட்டும், சிடி இருக்கிறதே என்று நினைத்தேன். சிடியைத் தனம் கேட்டார், ஒலக்கூருக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது மாட்டு வண்டிச் சக்கரம் ஏறினது மாதிரி கீறல். நல்லவேளை, அதற்குள் சூர்யா காலேஜுக்கு வந்திருந்தாள். அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அதை முன்பே ஏற்றி வைத்திருந்தாள்.

ஒரு நாள் வந்து, “அம்மா, அப்பாவ நெட்ல போட்டுட்டேன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்பாவ எங்கடி போட்ட?”

“வீடியோவும்மா. இனிமே கேசட்டு, சிடி ஒரு மண்ணும் வேணாம். உலகத்துல எங்க இருந்தாலும் பாக்கலாம். அது எங்கயும் போவாது.”

எனக்குக் கோபம் வந்தது. முன்பின் தெரியாதவன் எல்லாம் என் கல்யாணத்தைப் பார்ப்பானா? அவர் எனக்குச் சொன்னதைக் கேட்பானா? “எடுத்துப்போடு அத” என்று கத்தினேன். அவள் கேட்டால்தானே. அதிலும் தலைப்பில், அந்த வீடியோவில் வருகிற ஒரு பாட்டின் பேரைப் போட்டிருந்தாள். பாட்டுப் பேரைப் போட்டால்தான் ஆள் வருமாம். என் கல்யாணத்துக்கு ஆள் சேர்க்கிறாள் என் மகள்.

ஆளும் வந்தது. பாட்டைத் தேடி வந்தவர்கள்தான் முக்கால்வாசி. கீழே என்னென்னமோ எழுதினார்கள். சூர்யா படித்துக் காட்டுவாள். ‘மாப்ள கிராப்பு செம.’ ‘பொண்ணு ஏன் பல்லு வலி வந்த மாதிரி நிக்குது?’ இவன் வீட்டுப் பொண்ணு அந்த லைட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒருத்தர், ‘எங்க கல்யாண வீடியோவுலயும் இதே பாட்டுதான், இப்ப அவங்க இல்ல’ என்று எழுதியிருந்தார். அதற்கு மட்டும் சூர்யாவை விட்டு ஒரு வணக்கம் போடச் சொன்னேன். அப்புறம் யாரோ கவனித்துவிட்டான். ‘பாட்டு நிக்கிற எடத்துல கேளுங்க, மாப்ள லட்டு வச்சிருக்காராம்!’ அதோடு போச்சு. வருகிறவன் போகிறவனெல்லாம் லட்டு, லட்டு என்று எழுதினான். அவருக்கு ‘லட்டு மாப்ள’ என்றே பேராகிவிட்டது.

முதலில் உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் எப்படியோ, எனக்கே தெரியாமல், அது பிடித்துப்போனது. அவரைத் தெரிந்தவர்கள் ஊரில் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் பேரைச் சொன்னால் யார் என்று கேட்கிற காலம் வந்துவிட்டது. ஆனால் மதுரையிலும் மலேசியாவிலும் இருக்கிற யார் யாரோ என் வீட்டுக்காரர் பாக்கெட்டில் லட்டு இருந்ததைத் தெரிந்து வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்களைவிட அவர்களே தேவலை.

சூர்யாவுக்குக் கல்யாணமாகி ஷார்ஜா போனாள். மாப்பிள்ளை ஏசி மெக்கானிக், காலையில் போனால் ராத்திரிதான் வருவார். போன அந்த வருஷமே எனக்கு ஒரு டச் போன் அனுப்பினாள். அதில் அவர் இருக்கிற பக்கத்தைத் திறக்க மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அது போதும். கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்த இடத்தை ஒரு தடவை கேட்பேன். தினமும். “பசிக்குதா?” என்று அவர் கேட்ட பிறகுதான் சோற்றுக்கு உலை வைப்பேன். சிரிக்காதீர்கள். தனியாக இருக்கிறவர்களுக்குச் சமைக்கக் கை வராது. யாராவது கேட்க வேண்டும்.

அந்த லேப்டாப் எப்போதோ செத்துப்போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நெட்டில்தான் இருக்கிறதே, அது எங்கே போகப்போகிறது என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள்.

இரண்டாயிரத்துப் பதினாறு, கார்த்திகை மாசம் ஒரு சாயங்காலம். டீயோடு உட்கார்ந்து போனைத் திறந்தேன். படம் ஓடியது. சத்தம் வரவில்லை. பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன், போனைத் தட்டினேன், காதில் வைத்தேன். மேடை வந்தது, அவர் குனிந்தார், வாய் அசைந்தது. ஒன்றும் இல்லை. போன்தான் பேஜாராகிவிட்டது என்று அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு பாரூக் கடைக்கு ஓடினேன். மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன் அவன், கோட்டக்குப்பத்துக்காரன். என்னை அக்கா என்பான்.

“ஸ்பீக்கரு போயிடிச்சி பாரு, ஜல்தியா மாத்திக் குடு” என்றேன்.

அவன் வேறு ஏதோ பாட்டைப் போட்டான். கடை அதிர்ந்தது. “ஸ்பீக்கரு சூப்பரா இருக்குதுக்கா.” அப்புறம் என் வீடியோவைத் திறந்து, கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தான். அவன் முகம் மாறியது. “அக்கா, இது போன் கம்ப்ளைண்டு இல்ல. பாட்டு கம்பெனிக்காரன் புடிச்சிட்டான். எங்க பாட்ட கேக்காம போட்டுக்கினு இருக்கீங்கன்னு சொல்லி, சத்தத்த நிறுத்திட்டாங்க.”

“பாட்ட நிறுத்தட்டும்டா. அவரு பேசறத ஏன் நிறுத்தறாங்க? அந்த எடத்துல பாட்டே இல்லையே!”

“அதெல்லாம் பாக்க அங்க ஆளு கெடையாதுக்கா. மிஷினு கேக்குது. பாட்டு இருக்குதா, மொத்தமா வாயக் கட்டிடும்.”

“தலைப்புல பாட்டுப் பேரப் போட்டாளே, அதனாலயா?”

“பேரு போடலைன்னாலும் புடிக்கும்க்கா. அதுக்கு எல்லாப் பாட்டும் தெரியும்.”

எல்லாப் பாட்டும் தெரிகிற மிஷினுக்கு ஒரு மனுஷன் பேசுகிறது தெரியவில்லை. தூத்தேறி என்று வந்தது எனக்கு. அந்தக் கோபத்தை அவனிடம் காட்ட முடியுமா? அவன் என்ன செய்வான் பாவம். காசு வாங்காமல் போனைத் துடைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சூர்யாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“தெரிஞ்சிக்கினே சொல்லாம இருந்தியா?”

“சொன்னா நீ கத்துவம்மா. நான் எழுதிக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க.”

“மறுபடி கேளு.”

“கேக்கலாம். ஆனா இன்னொருவாட்டி கேட்டு அந்தக் கம்பெனி ஒத்துக்கலைன்னா, அந்த வீடியோவையே தூக்கிடுவாங்க. தப்பு பண்ணதா கணக்கு வச்சி எனக்கு ஒரு அடி விழும். ஏற்கெனவே ரெண்டு அடி விழுந்திருக்குது. மூணாவது விழுந்தா என் சேனலே காலி.”

சேனல் என்று அவள் சொன்னது அவளுடைய சமையல் வீடியோக்களை. அப்பாவின் வீடியோவைப் போடத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஷார்ஜா போன பிறகு அதிலேயே சமையலும் போட ஆரம்பித்தாள். கேப்பைக் களி, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைச் சட்னி, கருவாட்டுக் குழம்பு. நிறைய பேர் பார்க்கிறார்கள். அந்த இரண்டு அடி எதற்கு விழுந்தது என்று கேட்டேன். களி கிண்டும்போது பின்னால் சினிமாப் பாட்டு போட்டாளாம். தெய்வசிகாமணி சாம்பாருக்கு டூயட் போட்டார். இவள் களிக்குப் போட்டிருக்கிறாள். இந்த ஊர்த் தண்ணியிலேயே என்னமோ இருக்கிறது.

“களிக்கு எதுக்குடி பாட்டு?” என்று கத்தினேன். “உங்கப்பன் குரல விட உனக்கு உன் கேப்பக் களி பெருசாப் போச்சா?”

அவள் சொன்னாள்: “காலைல அவரு போனா இந்த ரூம்ல நானும் செவுரும்தாம்மா. ஜன்னலத் தொறந்தா எதுத்த பில்டிங்கு செவுரு. அந்த சேனல்ல வந்து, ‘அக்கா சாப்பிட்டீங்களா, இன்னிக்கி இன்னா சமையல்’னு கேக்கறாங்களே, அவங்கதான் எங்கூடப் பேசறாங்க. உனக்காவது கட இருக்குது.”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம், அவளுக்கும் ரோஷம், அப்பன் குணம் ஒரு பொட்டுகூட வரவில்லை அவளுக்கு.

வீடு அப்படி ஒரு அமைதியாகிவிட்டது. சாயங்காலம் வந்து உட்காருவேன். டீ ஆறிப்போகும். சமைக்கப் பிடிக்காமல் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். அவர் செத்தபோது அழுத அழுகை வேறு. அப்போது வீடு நிறைய ஆள் இருந்தார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இப்போது இரண்டாம் தடவையாகப் போய்விட்டார், யாரிடம் போய்ச் சொல்வது? கடையில் ஒருத்தியிடம் சொன்னேன். “வீடியோதானே அக்கா, அதான் படம் தெரியுதே” என்றாள். அவளுக்கு வாய்த்த புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து குறட்டை விடுகிறான். அவளுக்கென்ன தெரியும்.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். எடுத்தவரிடம் ஒரிஜினல் இருக்காதா என்று ஒரு நம்பிக்கை.

விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் கண்டக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை, மிஷினில் சீட்டு அடித்து நீட்டிக்கொண்டே போனான். தெய்வசிகாமணியின் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதே இடத்தில் இருந்தது. போர்டு மட்டும் புதுசு. உள்ளே பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு நாற்காலி. அவருக்குத் தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. திண்டிவனம், தொண்ணூற்று மூன்று, மொட்டையாகப் பாட்டு நின்ற வீடியோ என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“அந்த ஒலக்கூர் அம்மா சண்ட போட்டுதே, அதுவா? ஐயோ, அத மறக்க முடியுமா! தாயே, இத்தினி வருஷம் கழிச்சி வந்திருக்கீங்களே. சரி பண்ணித் தரேன்னு சொன்னது நெஜம். வேல மேல வேல வந்துபோச்சி.”

“சரி பண்ண வரலைங்க” என்றேன். “நீங்க சரி பண்ணாம விட்டதத் தேடிக்கினு வந்திருக்கேன்.”

அவருக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “கேமராவுல எடுத்த ஒரிஜினலு கேசட்டா? அத யாரும்மா வச்சாங்க அந்தக் காலத்துல? கேசட்டு அம்மா வெல, அப்பா வெல. உங்க வேல முடிஞ்சதும் அது மேலயே அடுத்த கல்யாணத்த எடுத்திருப்பேன். அதுக்கு மேல இன்னொண்ணு.”

அப்படியென்றால் என் வீட்டுக்காரர் பேசினதன் மேல் இன்னொரு மாப்பிள்ளை வந்து நின்றிருக்கிறான். அதன் மேல் இன்னொருத்தன். எல்லாரும் பக்கத்தில் நின்ற பொண்ணிடம் என்னவாவது சொல்லியிருப்பார்கள். எதுவும் யாருக்கும் கேட்டிருக்காது.

“எத்தினியோ கல்யாணம் எடுத்தேன்மா” என்றார் தெய்வசிகாமணி. “அம்மாங்க அழுவாங்க, மாமன்மாருங்க கேலி பண்ணுவாங்க, கெழவனுங்க ஆசீர்வாதம் பண்ணுவாங்க. எல்லாத்தையும் இந்தக் கையாலதான் அமுக்கிட்டுப் பாட்டப் போட்டேன். அப்பிடிப் போடலைன்னா காசு குடுக்க மாட்டாங்க. பேச்சோட ஒரு கேசட்டு வெளிய போச்சின்னா அது உங்களுது ஒண்ணுதான். அதுவும் நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, கேசட்டு திருப்ப லேட்டாயிடிச்சி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் அந்தச் சின்னக் கடையில் உட்கார்ந்து சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது. அவர் எழுந்துபோய் எனக்கு டீ சொன்னார். டீ வருகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போன் அடித்தது. சூர்யா.

“ம்மா, எங்க இருக்கற?”

“விழுப்புரத்துல இருந்து வர்றேன்.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. “இல்லையா?” என்றாள்.

“இல்லடி.”

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “ம்மா, நான் கேட்டுடறேன். இப்பவே எழுதிப் போடறேன். சேனல் போனாப் போவுது. வேற ஆரம்பிச்சிக்கலாம். எனக்கும் அந்தக் குரலு வேணும்மா. நேத்து படுத்துக்கினு நெனச்சிப் பாத்தேன். எப்பிடி இருந்திச்சின்னு எனக்கே டவுட்டாயிடிச்சி.”

எனக்கு அந்த நிமிஷம், போடுடி, உடனே போடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. அவள் அறையில் ஜன்னலைத் திறந்தால் சுவர் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற நாலு பேரையும் நான் பிடுங்கிக்கொள்வதா? கேட்டாலும் அந்தக் கம்பெனி கொடுக்கும் என்பது என்ன நிச்சயம்? குரலும் போய், முகமும் போய், அவளுடைய ஆட்களும் போய்.

“வேணாம்” என்றேன்.

“ம்மா…”

“வேணாம்னு சொல்றேன்ல. படமாவது இருக்கட்டும். நீ போய் உன் களியக் கிண்டு. பாட்டுப் போடாத, அறிவு கெட்டவளே. நீயே பேசு. உன் குரல் நல்லாத்தான் இருக்குது.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. தெருவில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு வாசம். எனக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை. போனை எடுத்துத் தண்ணிச் செம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். சத்தம் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் திறக்கிறேன்.

ரோஜாப் பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து நான் வந்தேன். பந்தியில் சாம்பார் ஊற்றினார்கள். பாட்டு இல்லாமல் பார்க்கும்போது எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பது தெரிந்தது. என் அம்மா, அவருடைய அப்பா, செத்துப்போனவர்கள் எத்தனை பேர், எல்லார் வாயும் அசைந்துகொண்டே இருந்தது. மேடை வந்தது. ஒலக்கூர்க்காரர்கள் ஏறி, நின்று, இறங்கினார்கள்.

அவர் என் பக்கம் குனிந்தார். வாய் அசைந்தது. அந்தப் பொண்ணு முகத்தைத் திருப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

விரலால் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் வைத்தேன். மறுபடியும் ஒலக்கூர்க்காரர்கள் இறங்கினார்கள். மறுபடியும் அவர் குனிந்தார். இந்தத் தடவை அந்தப் பொண்ணு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“பேசுங்க” என்றேன். “இப்ப யாரும் வீடியோ எடுக்கல.”